பால் பைத்தான் முட்டையிட்டால்: தாயிடமே விடுவதா, பெட்டியில் வைப்பதா?

நான்கு முட்டைகளைச் சாகடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அவற்றைக் கொன்றது குளிர் அல்ல, சென்னையின் மே மாதம். நான் படித்த வழிகாட்டிகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. முட்டையை எப்படிச் சூடாக வைப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அறையே 36 டிகிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு வந்த கஷ்டமும் இல்லை.

முட்டைகளைத் தாயிடமே அடைகாக்க விடுவதா, வெப்பப் பெட்டியில் (இன்குபேட்டரில்) வைத்துப் பொரிப்பதா என்று யோசித்தபடி, முதன்முறையாகப் பால் பைத்தான் முட்டைக்காகக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக இந்தக் குறிப்பு. (பெயரைக் கேட்டதும் என் அப்பா, “பாம்புக்குப் பால் வார்ப்பது போதாதென்று பால் பாம்பே வாங்கிவிட்டாயா?” என்றார். இந்தப் பால் ஆங்கிலப் பந்து. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது.)

1. முட்டைக்கு முன்னால் காகிதம்

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நம் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் வருகிறது. இதை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் முடிந்துவிட்டது. இப்போது வாங்குபவர்களுக்குப் பாம்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்.

முட்டை பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். தாயைப் பதிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. குஞ்சு பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். குஞ்சை வேறொருவருக்குக் கொடுத்தால் அந்தக் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். தாயின் பதிவு இல்லாமல் குஞ்சுகள் பொரித்துவிட்டால், “இவை எங்கிருந்து வந்தன?” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிடும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பாம்பு வாங்கிய ரசீது, விற்றவரின் பதிவு விவரம், பாம்பின் முதுகுக் கோலம் தெளிவாகத் தெரியும் படங்கள். ரசீது மட்டும் கொடுத்துவிட்டு “பதிவெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அந்தப் “பிறகு” வருவதே இல்லை. எனக்கும் வரவில்லை. தொலைபேசியில் நான்கு மாதம் துரத்திய பிறகுதான் ஒரு தாள் வந்தது, அதிலும் பாம்பு ஆணா பெண்ணா என்பது தவறாக எழுதப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி எதையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். வயல் வரப்பிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ பாம்பு முட்டை கிடைத்தால் அதை இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு பொரிக்கப் பார்க்காதீர்கள். தொடாமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

2. உங்கள் பாம்பு அடைகாக்கும் இனமா?

தாயிடம் விடுவதா என்ற கேள்வி மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான். கார்ன் பாம்பு, கிங் பாம்பு (ராஜநாகம் அல்ல) போன்றவை முட்டையிட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அவற்றின் முட்டைகளுக்குப் பெட்டிதான் ஒரே வழி. கார்ன் முட்டைக்கு வெப்பமும் குறைவு, 27 முதல் 29 டிகிரி போதும். போவா வகைகள் பெரும்பாலும் நேரடியாகக் குட்டி போடும், அங்கே முட்டைப் பேச்சே கிடையாது.

மலைப்பாம்புகளுக்குள்ளும் ஒரு வேற்றுமை உண்டு. நம் நாட்டு மலைப்பாம்பும் பர்மிய மலைப்பாம்பும் முட்டையைச் சுற்றிக்கொண்டு தசையை விட்டுவிட்டுத் துடிக்கவைத்து, உடம்பிலிருந்து வெப்பத்தை உண்டாக்கும். பால் பைத்தான் அப்படி அடுப்பு மூட்டுவதில்லை. முட்டைகளை இறுகச் சுற்றி ஈரம் போகாமல் மூடிவைப்பதுதான் அதன் முக்கிய வேலை. வெப்பம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். “தாய் பார்த்துக்கொள்ளும்” என்று வெப்பமூட்டியை நிறுத்திவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மழைக்கால இரவுகளில் அவர் முட்டைகள் அத்தனையும் வீணாகின.

3. தாயின் எடையும் நாள் கணக்கும்

மூன்று வயது நிறைந்து, 1,500 கிராமுக்கு மேல் இருக்கும் பெண்ணைத்தான் இணை சேர்க்க வேண்டும். எடை குறைந்த பாம்பு முட்டையிட்டாலும் இடும். பிறகு தேறி வர ஒரு வருடம் ஆகும். அப்படிப்பட்ட தாயிடம் அடைகாக்கும் வேலையையும் கொடுப்பது கொடுமை.

கருமுட்டை வெளிப்படும் நாளில் பெண்ணின் நடு உடம்பு, பெரிய எலியை விழுங்கியதுபோல் திடீரென்று வீங்கி ஒரே நாளில் வற்றிவிடும். பலர் இதைத் தவறவிடுவார்கள், கவலை வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். அந்தச் சட்டை உரித்த தேதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை. முன்பின் ஒரு வாரம் இருக்கலாம். வெப்பப் பெட்டி வாங்குவது, சரிபார்ப்பது, தாய்க்கு முட்டைப்பெட்டி வைப்பது எல்லாம் இந்த 30 நாளுக்குள் முடிய வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை முட்டையிடும். அதாவது அடைகாலம் கத்திரி வெயிலில் வந்து விழும். இந்த ஒரு விஷயத்தை மறந்ததால்தான் எனக்கு நஷ்டம்.

4. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

முதலாவது: பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் பாம்பு அறை எத்தனை டிகிரி? ஊகிக்காதீர்கள். பத்து நாள் எழுதிப் பாருங்கள். பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி வேண்டும். 34ஐத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குஞ்சுகளும் செத்த முட்டைகளும்தான் மிஞ்சும். அறை 32க்கு மேல் போனால் தாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றைத் தளர்த்தும், அவ்வளவுதான். முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு நிழலுக்குப் போக அது பூனை அல்ல.

இரண்டாவது: தாய் எப்படி இருக்கிறது? முட்டையிட்ட அன்று முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டிருந்தால் முட்டைகளை எடுத்துவிடுங்கள். அடைகாக்கும் இரண்டு மாதமும் அது பெரும்பாலும் சாப்பிடாது. அதற்கு முன்பும் சில வாரம் சாப்பிட்டிருக்காது.

அறை நிதானமாக இருந்து, தாய் கொழுகொழுவென்று இருந்து, வீட்டில் யாரும் அடிக்கடி கூண்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்றால் தாயிடமே விடலாம். தலைச்சன் முட்டை, மெலிந்த தாய், நாளுக்கு நாள் மாறும் அறை என்றால் பெட்டி. என்னைக் கேட்டால், புதியவர்களுக்குப் பெட்டியைத்தான் சொல்வேன். தாயைவிடப் பெட்டி உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. பெட்டியில் தவறு நடந்தால் அன்றே தெரியும். தாயின் சுற்றுக்குள் நடப்பது அறுபதாம் நாள்தான் தெரியும்.

5. செலவு

நான் வாங்கியபோது இருந்த விலைகள், ஊருக்கு ஊர் மாறும்.

பெட்டி முறைக்கு: மீன் சந்தையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் பெட்டி 200 ரூபாய் (மூன்று நாள் வெயிலில் காயவைத்தும் வஞ்சிரம் வாசம் போகவில்லை), வெப்பக் கம்பி 1,100, தெர்மோஸ்டாட் (வெப்பம் வைத்த அளவை எட்டியதும் மின்சாரத்தைத் தானாக அணைக்கும் கருவி) இரண்டு 1,800, ஒயர் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு 700, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா 300, நர்சரியில் பெர்லைட் (செடித் தொட்டிகளில் கலக்கும் வெள்ளைத் துகள்) 250, பழைய கணினியிலிருந்து எடுத்த சிறு விசிறி இலவசம். மொத்தம் 4,350.

தாய் முறைக்கு: மூடியுள்ள டப்பா 300, ஈரப் பாசி 400, ஒரு தெர்மாமீட்டர் 350. கூண்டில் ஏற்கெனவே வெப்பமூட்டியும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும். மொத்தம் 1,050.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தாய் முறை மலிவு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு முறையிலும் பெரிய செலவு ஏசி. மே, ஜூன் மாதங்களில் அந்த ஒரு அறைக்கு மட்டும் எனக்கு மின்கட்டணம் கூடுதலாக 3,800 வந்தது.

6. தாயிடம் விடுவதானால்

சட்டை உரித்த ஒரு வாரத்துக்குள் கூண்டில் முட்டைப்பெட்டியை வையுங்கள். தாய் சுருண்டால் பக்கவாட்டில் நான்கு விரல் இடம் இருக்கும் அளவு போதும். மூடியில் ஒரு பாம்பு நுழையும் துளை. உள்ளே பிழிந்தால் சொட்டாத அளவு ஈரப் பாசி. பெட்டிக்கு அடியில் பாதி மட்டும் வெப்பத்தகடு படும்படி வையுங்கள். தாய் படுக்கும் இடத்தில் 31, 32 டிகிரி, கூண்டின் மறுபக்கம் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் தாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்துபோகும். திறந்த கூண்டில் முட்டை இரண்டு வாரத்தில் பள்ளம் விழும். ஆகவே முட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். ஈரம் குறைந்தால் பாசியின் ஓரத்தில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளியுங்கள். முட்டையின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது.

பிறகு செய்ய வேண்டியது மிகக் கடினமானது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. வாரத்துக்கு ஒருமுறை துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தாய் முட்டைகளின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தால் எல்லாம் நலம். அவ்வப்போது வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும், அதுவும் சரி. நாள் முழுக்க மறுபக்கத்திலேயே படுத்திருந்தால் முட்டைப்பெட்டி சூடாகிவிட்டது என்று பொருள், தெர்மாமீட்டரைப் பாருங்கள். வெப்பம் சரியாக இருந்தும் திரும்பிப் போகவில்லை என்றால், கைவிட்டுவிட்டது. அப்போது முட்டைகளை வெப்பப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஆகவே தாயிடம் விடுபவர்களும் வெப்பப் பெட்டி ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

என் தாய்ப்பாம்பின் கணக்கு: முட்டையிடும் முன் 2,180 கிராம், ஆறு முட்டை இட்ட அன்று 1,540, குஞ்சுகள் வெளியே வந்த அன்று 1,420. ஆறும் பொரித்தன, 62ஆம் நாள். தாய் சாப்பிட மேலும் பத்து நாள் ஆனது. அடுத்த வருடம் முட்டையிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

7. பெட்டியில் வைப்பதானால்

முதல் கண்ணி: கோழி இன்குபேட்டர். நாட்டுக்கோழிப் பண்ணைக்காரர்கள் மலிவாக விற்பார்கள், “பாம்பு முட்டையும் முட்டைதானே சார்” என்பார்கள். கோழி முட்டைக்கு 37.5 டிகிரி, தினமும் பல முறை திருப்ப வேண்டும். பாம்பு முட்டையை அந்த வெப்பமும் கொல்லும், அந்தத் திருப்பலும் கொல்லும். கோழியை அடை வைப்பதில் தேர்ந்த என் மாமியார், இடிக்குப் பரிகாரமாக ஓர் இரும்பாணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் பெட்டியில் வைக்கச் சொன்னார். பெட்டிக்கு வெளியே வைத்தேன். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

இரண்டாவது கண்ணி: தெர்மாமீட்டரை நம்புவது. பொடித்த பனிக்கட்டியை ஒரு டம்ளரில் நிரப்பி, இடைவெளி நிறையும்வரை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். முனையைப் பனிக்கட்டிக்கு நடுவில் செருகி ஐந்து நிமிடம் விடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது 1.8 காட்டியது. இன்னொன்று பூஜ்யத்துக்குக் கீழே 0.6. ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. முனைகளில் நெயில் பாலிஷால் அந்த வித்தியாசத்தை எழுதிவைத்தேன். தெர்மோஸ்டாட்டின் முனையையும் இப்படியே சோதியுங்கள்.

பெட்டி கட்டும் முறை இது. தெர்மாகோல் பெட்டியின் அடியில் வெப்பக் கம்பியை வளைத்து ஒட்டுங்கள், கம்பி ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது. அதன் மேல் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கைப் படுக்கவையுங்கள். மின்சாரம் போனாலும் வந்தாலும் வெப்பம் சட்டென்று மாறாமல் தாங்குவது இந்தத் தண்ணீர்தான். பாட்டில்களின் மேல் கம்பி வலை, வலையின் மேல் முட்டை டப்பா. மூலையில் சிறு விசிறி.

தெர்மோஸ்டாட்டின் முனையை முட்டை டப்பாவுக்குப் பக்கத்தில், முட்டைகளின் உயரத்தில் கட்டுங்கள். பெட்டியின் சுவரில் ஒட்டினால் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். முதல் தெர்மோஸ்டாட் 31.5இல். இரண்டாவதை அதோடு தொடராக இணைத்து 33இல் வையுங்கள். மலிவான தெர்மோஸ்டாட்டின் ரிலே என்றாவது ஒரு நாள் ஒட்டிக்கொண்டு வெப்பக் கம்பியை அணைக்க மறுக்கும். அன்றைக்கு இரண்டாவது காப்பாற்றும்.

இனி, என் நான்கு முட்டைகளின் கதை. மேலே சொன்ன அத்தனையும் சரியாகச் செய்திருந்தேன். பெட்டி மாடி அறையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காலையில் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்றிலேயே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் 36.4. தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்து வெப்பக் கம்பியை அணைத்துத்தான் வைத்திருந்தது. அதற்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. வெயிலில் காய்ந்த மொட்டை மாடி வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு முட்டையில் நான்கு அடுத்த பத்து நாளில் மஞ்சளாகிச் சரிந்தன. பொரித்த இரண்டில் ஒன்றின் வால் முறுக்கிய கயிறுபோல இருந்தது.

ஆகவே விதி இதுதான்: அறை எப்போதும் பெட்டியைவிடக் குளிராக இருக்க வேண்டும். அறையை 27, 28இல் வைத்தால் வெப்பக் கம்பிக்கு எப்போதும் கொஞ்சம் வேலை இருக்கும், அப்போதுதான் வெப்பம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். தரைத் தளத்தில், மேற்கு வெயில் படாத அறையாகப் பாருங்கள். ஏசி இல்லாவிட்டால் மே மாதத்தில் முட்டை எதிர்பார்க்காதீர்கள். இணை சேர்ப்பதையே தள்ளிப்போடுங்கள்.

மின்வெட்டு வந்தால்? வீட்டு இன்வெர்ட்டர் வெப்பக் கம்பியைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. அதனால் மின்வெட்டின்போது நமக்கு வரும் ஆபத்தும் சூடுதான். பெட்டி 32.5ஐத் தாண்டினால் தெர்மாகோல் மூடியை விரல் அளவு திறந்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மூலையில் வையுங்கள். நேராகப் பனிக்கட்டி வைக்காதீர்கள். முட்டை டப்பாவின் மூடி மூடியே இருக்கட்டும்.

8. முட்டை டப்பா

பெர்லைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலக்குங்கள், கண் அளவு வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. டப்பாவில் மூன்று விரல் உயரம் பரப்பி, அதன் மேல் பிளாஸ்டிக் வலை வைத்து, வலையின் மேல் முட்டைகளை வையுங்கள். ஈரக் காற்று முட்டையைச் சூழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தொடக் கூடாது. ஓரங்களில் இரண்டு சிறு துளை போதும். டப்பாவை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் மூடியில் சேரும் நீர் முட்டை மேல் சொட்டாமல் ஓரமாக வழியும்.

இவை அனைத்தையும் முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, காலை, மதியம், நள்ளிரவு மூன்று வேளையும் எழுதிப் பாருங்கள்.

9. முட்டையை எடுக்கும் நாள்

முட்டையிடும்போது தொந்தரவு செய்யாதீர்கள். முடித்து, முட்டைகளைச் சுற்றிக்கொண்டு நிதானமான பிறகு எடுங்கள். இரண்டு பேர் வேண்டும். தாயின் தலைமேல் ஒரு துண்டைப் போட்டு, வாலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். அது எத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்கும் என்பது கைவைத்தால்தான் தெரியும். அவசரப்பட்டு இழுத்தால் அடியிலிருக்கும் முட்டை உருளும்.

உருளக் கூடாது. முதல் நாளுக்குப் பிறகு கரு முட்டையோட்டின் உள்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழானால் மூழ்கிச் சாகும். எனவே கையில் எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு கடைசிவரை மேல் நோக்கியே இருக்க வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், கொத்தாகவே வையுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டு, முட்டையைத் திருப்பாமல் பக்கவாட்டில் டார்ச்சை ஒட்டிப் பாருங்கள். நல்ல முட்டையின் உள்ளே சிவந்த நரம்புகள் அரசிலை நரம்புபோல ஓடும். கூமுட்டை நெய் நிறத்தில் ஒரே சீராக ஒளிரும், நரம்பு இருக்காது. பெரும்பாலும் சிறியதாக, மஞ்சளாக, மெழுகுபோல இருக்கும். சந்தேகமாக இருப்பதைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

முட்டையை எடுத்ததும் தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கூண்டையும் கழுவி, அடியில் விரித்ததை மாற்றுங்கள். முட்டை வாசம் இருக்கும்வரை அது அடைகாக்கும் நினைப்பிலேயே இருக்கும், சாப்பிடாது. நான் கழுவாமல் விட்ட வருடம், தண்ணீர்க் கிண்ணத்தை நான்கு நாள் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வேலை முடிந்ததும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா ஊர்வனவற்றோடு வரும் கிருமி.

10. அறுபது நாள்

வாரத்துக்கு ஒருமுறை டப்பாவின் மூடியைத் திறந்து அரை நிமிடம் காற்று மாற விடுங்கள், அவ்வளவே. தினமும் திறந்தால் ஈரம் போகும்.

முதல் மாதத்திலேயே முட்டையில் பள்ளம் விழுந்தால் ஈரம் போதவில்லை. பெர்லைட்டின் ஓரத்தில் அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் பள்ளம் விழுவது இயல்பு, அப்போது பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள். பூஞ்சை படிந்தால் உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். நல்ல முட்டை பூஞ்சையைத் தாங்கும். செத்த முட்டை நாறும், நிறம் மாறிச் சரியும். கொத்தில் ஒட்டியிருக்கும் செத்த முட்டையைப் பிய்த்தெடுக்கப் போய்ப் பக்கத்து முட்டையைக் கிழித்துவிடாதீர்கள். அங்கேயே விட்டுவிடுங்கள்.

11. குஞ்சு எட்டிப்பார்க்கும்போது

31.5 டிகிரியில் 55 முதல் 60 நாளுக்குள் முதல் கீறல் விழும். மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கிழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டும். அதன் பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அப்படியே இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிற நேரம் அது. நீங்கள் உதவி செய்வதாக நினைத்து இழுத்தால் தொப்புளோடு மஞ்சள் கரு கிழியும். பிளேடை எடுத்து ஓட்டைத் திறக்கும் பழக்கம் சில வளர்ப்பாளர்களிடம் உண்டு. முதல் தடவைக்காரர்களுக்கு அது வேண்டாம்.

தானாக வெளியே வந்த குஞ்சைத் தனித்தனி டப்பாவில், ஈரமான டிஷ்யூ தாளின் மேல் விடுங்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டு, முதுகுக் கோலத்தைப் படம் எடுத்து, பொரித்த தேதியை எழுதுங்கள். அன்று மாலையே பரிவேஷ் தளத்தில் பிறப்பைத் தெரிவிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நாளாக நாளாக எந்தக் குஞ்சு எது என்று உங்களுக்கே குழம்பும். பொரிக்காமல் போனவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முதல் சட்டையை உரிக்கும். அதற்கு முன் தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. சட்டை உரித்த சில நாள் கழித்து, குஞ்சின் உடம்பு அகலத்துக்கு மேல் போகாத சுண்டெலியை இரவில் கொடுங்கள். சாப்பிடாவிட்டால் ஐந்து நாள் விட்டு மறுபடி. என் ஆறில் ஒன்று ஐந்தாம் முறைதான் வாயைத் திறந்தது.

குறைந்தது மூன்று முறையாவது தானாகச் சாப்பிட்ட பிறகுதான் குஞ்சை மற்றவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் அன்றே கைமாற்றத்தையும் பதிவு செய்யுங்கள். வாங்குபவர், “பதிவெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்றால் டப்பாவை மூடித் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.